இசிட்ரோவின் தொடையில் இரண்டு கோடுகள்

போன மாதம் என் இடது முழங்காலில் உலோக மூட்டு வைத்தார்கள். நாற்பது வருடம் ஊரார் முழங்காலைப் பிடித்துவிட்டவனுக்கு இது வேண்டியதுதான் என்று என் மனைவி சிரித்தாள். மூட்டு பழகுவதற்காக வாரம் இரண்டு நாள் பயிற்சிக்கு டெர்மின், அதாவது நேரம், கொடுத்திருக்கிறார்கள். ஜெர்மனியின் ஹம் நகரத்தில், ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் பிசியோதெரபி நிலையத்தில் எனக்கு வாய்த்தவள் சிவகௌரி. யாழ்ப்பாணத்துக் குடும்பம், பிறந்ததும் படித்ததும் இங்கேதான். நான் "சரிம்மா" என்றால் அவள் வேண்டுமென்றே "ஓம் ஐயா" என்று இழுப்பாள். கோயம்புத்தூர்க்காரனைச் சீண்டுவதில் அவளுக்கு ஒரு சந்தோஷம்.

முதல் நாளே அளவு டேப்பை எடுத்தாள். முழங்கால் சில்லுக்கு மேல் கோடு போட்டு, இரண்டு தொடையையும் சுற்றி அளந்தாள். பிறகு பக்கத்து அறைப் பெண்ணைக் கூப்பிட்டு அவளையும் அளக்கச் சொன்னாள்.

"எதுக்கும்மா ரெண்டு பேரு?"

"பழகிப் போச்சு ஐயா. நான் ஒரு ஃபுட்பால் கிளப்பிலயும் வேலை செய்யிறன். அங்க இப்ப புதுச் சட்டம். காயப்பட்ட ஆளை ஒருத்தர் அளந்தா மற்றவர் திருப்பி அளக்கோணும். ரெண்டு கையெழுத்தும் இல்லாட்டி ஆளை ஆட்டத்தில இறக்கேலாது. உங்கட காலத்தில எப்பிடி?"

"ஒருத்தர் அளந்தா போதும்."

"அவர் பிழையா அளந்தா?"

கால் வலிக்கிறது என்று சொல்லிப் பேச்சை மாற்றினேன். உண்மையில் வலிக்கவில்லை. ஆனால் அவள் விடுகிற ஆள் இல்லை. அடுத்த மூன்று டெர்மினிலும் அதையே கேட்டாள். கடைசியில், "சொல்ல ஏலாட்டி எழுதுங்கோ" என்றாள். எழுதுகிறேன்.

நான் ஜெர்மனிக்கு வந்தது நெசவு இயந்திரம் படிக்க. அறுபதுகளின் தொடக்கம். மொழித் தேர்வில் இரண்டு முறை தோற்றேன். ஊருக்குத் திரும்ப வெட்கப்பட்டு ஒரு மருத்துவமனையின் குளியல் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தேன். சூடான சேற்றை நோயாளிகளின் முதுகில் அப்பும் வேலை. அங்கிருந்து மசாஜ் படிப்பு, சான்றிதழ். ஒரு கால்பந்து கிளப் என்னைக் கூப்பிட்டதற்குக் காரணம் அந்தச் சான்றிதழ் இல்லை. இந்தியன் என்றால் யோகமும் மந்திரமும் தெரியும் என்று கிளப் தலைவர் நம்பினார். எனக்குத் தெரிந்தது பால் பேட்மிண்டன் மட்டும்தான். அதை அவரிடம் சொல்லவில்லை.

எங்கள் கிளப் இரண்டாம் நிலை லீக்கில் ஆடியது. ஆட்டக்காரர்களில் பாதிப் பேர் பகலில் எங்காவது வேலை பார்ப்பவர்கள். இசிட்ரோ கம்பித் தொழிற்சாலையில் வேலை பார்த்தான். வடக்கு ஸ்பெயினில், மழை ஓயாத ஒரு சுரங்க ஊர்க்காரன். பதினெட்டு வயதில் அங்கே ஒரு சின்ன அணியில் ஆட ஆரம்பித்து, நாலு வருடம் ஆடியும் வயிறு நிரம்பாமல், ஒப்பந்தத் தொழிலாளியாக இங்கே வந்தவன். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் பின்னால் ஸ்பானியர்கள் ஆடிய ஆட்டத்தைப் பார்த்துவிட்டு எங்கள் பயிற்சியாளர் அவனைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தார்.

நடுக்களத்தில் ஆடுவான். ஓடமாட்டான். முதலில் பார்ப்பவர்கள், இவன் என்ன வேடிக்கை பார்க்க வந்தானா என்று திட்டுவார்கள். களத்தின் நடுவில் நின்று ஒரு கையை நீட்டி இவனை அங்கே போ, அவனை இங்கே வா என்று அனுப்புவான். பந்து தன் காலுக்கு வரும்போது அடுத்து அது எங்கே போக வேண்டும் என்று அவனுக்கு முன்பே தெரியும். மற்றவர்கள் ஒவ்வொரு பந்துக்கும் மூன்று முறை தொடுவார்கள். இவனுக்கு ஒரு முறை போதும். சந்திப்பில் நிற்கும் போக்குவரத்துப் போலீஸ்காரர் மாதிரி. அவன் இருந்தால் எல்லாம் ஓடும். அவன் இல்லாத நாளில் பதினொரு பேரும் ஒரே இடத்தில் முட்டிக்கொண்டு நிற்பார்கள். ஐந்து பருவங்களில் அவன் போட்ட கோல்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஆனால் அவன் தொடாமல் விழுந்த கோல் குறைவு.

என் பெயர் ராமசாமி. அது அவன் வாயில் நுழையவில்லை. ரமோன் என்று வைத்துவிட்டான். எங்கள் இருவரின் ஜெர்மனும் ஓட்டை. ஆனால் ஒரே அளவு ஓட்டை என்பதால் ஒருவர் சொல்வது மற்றவருக்கு அப்படியே புரிந்தது. ஜெர்மன்காரர்களிடம் பேசும்போதுதான் இருவரும் ஊமையானோம்.

இனி டாக்டர் வெல்லரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கிளப் மருத்துவர். போரில் அறுவை மருத்துவராக இருந்தவர். அதைப் பற்றி ஒரு சொல்லும் பேசமாட்டார். வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு வருவார். கோட்டைக் கழற்றமாட்டார். உட்காரவும் மாட்டார். கதவுக்குப் பக்கத்தில் நின்றபடியே பள்ளிக்கூடத்து நோட்டைத் திறந்து ஒவ்வொரு காயக்காரன் பெயராகச் சொல்வார். நான் அளவைச் சொல்வேன். அவர் எழுதுவார்.

அளவு என்பது இதுதான். முழங்கால் காயப்பட்டு மாவுக்கட்டு போட்டால் தொடைத் தசை சூம்பிவிடும். தொடை தேறாமல் முழங்கால் தேறாது. எனவே முழங்கால் சில்லின் மேல் விளிம்பிலிருந்து பதினைந்து சென்டிமீட்டர் உயரத்தில் இரண்டு தொடையிலும், ஈரம் பட்டால் ஊதாவாகும் காப்பி பென்சிலால் கோடு போட்டு, அந்தக் கோட்டில் டேப்பைச் சுற்றி அளக்க வேண்டும். என் தையல் டேப்பில் பதினைந்துக்கு நேராகச் சிவப்பு நூல் தைத்து வைத்திருந்தேன், கண் தவறக்கூடாது என்று. இரண்டு தொடைக்கும் வித்தியாசம் ஒரு சென்டிமீட்டருக்குள் இருந்தால் ஆடலாம். ஒன்றைத் தாண்டினால், பயிற்சியாளர் தலைகீழாக நின்றாலும் டாக்டர் கையெழுத்துப் போடமாட்டார். இது எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை. அவராக வைத்த கணக்கு. ஆனால் எங்கள் கிளப்பில் அதுதான் வேதம்.

ஒருமுறை நான் கேட்டேன்: "டாக்டர், நீங்களும் ஒரு தடவை அளந்து பார்த்துக்கலாமே?"

"ஹெர் ராமசாமி," என்றார், "உங்க கை அளக்குது, என் கை எழுதுது. ரெண்டு பேரும் அளந்தா, தப்பு வரும்போது ரெண்டு பேரும் அடுத்தவரைப் பார்ப்போம். நான் உங்களைப் பார்க்க விரும்பல."

அந்த ஊரில் என்னை நம்பி ஒரு மனிதர் சொன்ன முதல் சொல் அது. அன்று பேருந்தில் ஏறாமல் நடந்தே வீட்டுக்குப் போனேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு மார்ச் மாதம், இசிட்ரோவின் இடது முழங்காலில் எதிரணிக்காரன் ஒருவன் விழுந்தான். மாவுக்கட்டு ஆறு வாரம். கட்டைப் பிரித்தபோது கால் அவனுடையது போலவே இல்லை. வித்தியாசம் நாலரை சென்டிமீட்டர். மேசை விளிம்பில் உட்கார வைத்து, பாதத்தில் எடையைக் கட்டி, காலை நீட்டி மடக்கச் சொன்னேன். கிளப்பில் இருந்த மணல் மூட்டை போதாது என்று தொழிற்சாலையில் வெட்டிப்போட்ட கம்பித் துண்டுகளைத் துணிப்பையில் நிரப்பி, தொழிலாளர் விடுதியில் தன் கட்டில் விளிம்பில் வைத்துக்கொண்டான். வேலைக்குப் போகுமுன் இருநூறு, வந்தபின் இருநூறு. அறையில் இருந்த மற்ற மூன்று பேரும் கம்பி குலுங்கும் சத்தத்தில் தூக்கம் போயிற்று என்று என்னிடம் வந்து புகார் சொன்னார்கள். நாலரை மூன்றாயிற்று. மூன்று இரண்டரையாயிற்று.

ஆகஸ்டில் செய்தி வந்தது. முதல் நிலை லீக்கில் ஆடும் ஒரு பெரிய கிளப் அவனைக் கேட்கிறது. அவர்கள் ஆள் வரும் ஞாயிற்றுக்கிழமை பார்க்க வருவார். அந்த ஒரு ஞாயிறு மட்டும். அடுத்த வாரம் அவர்கள் பட்டியலை மூடிவிடுவார்கள். எடுத்துக்கொண்டால் தொழிற்சாலை இல்லை, விடுதி இல்லை; ஊரில் காத்திருக்கும் மனைவி பிலாரைக் கூட்டிவந்து தனி வீட்டில் வைக்கலாம். அவனுக்கு வயது இருபத்தேழு. இன்னொரு முறை கூப்பிடமாட்டார்கள் என்று எல்லாருக்கும் தெரியும்.

வெள்ளிக்கிழமை மூன்றரை மணிக்கு அவனைப் படுக்க வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டான். ஒரு சொல் கேட்கவில்லை. இதை நான் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். அவன் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கெஞ்சவில்லை, கண் சாடை காட்டவில்லை. உதடு மட்டும் ஏதோ ஜெபம் செய்து அசைந்துகொண்டிருந்தது.

இடது தொடை, பதினைந்தில் கோடு: ஐம்பத்திரண்டு. வலது தொடை, பதினைந்தில் டேப்பை வைத்தேன்: ஐம்பத்து நாலு. வித்தியாசம் இரண்டு. இன்னும் ஐந்து வாரம் வேண்டும்.

டேப்பைத் தளர்த்தினேன். வலது தொடையில், அதாவது நல்ல காலில், மூன்று சென்டிமீட்டர் கீழே இறக்கினேன். கீழே போகப் போகத் தொடை ஒல்லியாகும். சின்னக் குழந்தைக்கும் தெரியும். அங்கே கோடு போட்டு அளந்தேன். ஐம்பத்திரண்டரை.

"எவ்வளவு?" என்றான் கண்ணைத் திறக்காமலே.

"அரை சென்டிமீட்டர்."

எழுந்து உட்கார்ந்து என் தலையை இரண்டு கையாலும் பிடித்து நெற்றியில் முத்தம் வைத்தான். நாலு மணிக்கு டாக்டர் கதவருகே நின்றார். "இசிட்ரோ?" என்றார். "வலது ஐம்பத்திரண்டரை, இடது ஐம்பத்திரண்டு" என்றேன். எழுதினார். "நல்லது" என்றார். அவர் அந்தச் சொல்லைச் சொல்வதே அபூர்வம்.

அவன் மேல் இருந்த பாசத்தால் செய்தேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதி. பெரிய கிளப்புக்குப் போன ஆட்டக்காரனின் முழங்காலைத் தேற்றியவன் இந்த இந்தியன் என்று நாலு பேர் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஆசை இருந்தது. அது மீதிப் பாதி. எந்தப் பாதி பெரியது என்று அளக்க என்னிடம் டேப் இல்லை.

ஞாயிறு அரை மணி நேரம் ஆடினான். நான் பார்த்ததிலேயே அழகான அரை மணி நேரம். முப்பத்தோராவது நிமிடம் என்று நினைவு. பக்கத்தில் யாரும் இல்லை. பந்தை வாங்கித் திரும்பினான். உடல் திரும்பியது, கால் திரும்பவில்லை. வாளியையும் பஞ்சையும் எடுத்துக்கொண்டு ஓடினேன். புல்லில் கிடந்தவன் வலியில் கத்துவான் என்று நினைத்தேன். குழம்பிப்போய் என்னைப் பார்த்தான்.

"அளந்தோமே, ரமோன். சரியாத்தானே இருந்துச்சு?"

நான் பஞ்சைப் பிழிந்தேன்.

உடை மாற்றும் அறையில் அவனைக் கிடத்தினோம். டாக்டர் வந்து காற்சட்டையை மேலே சுருட்டினார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. காப்பி பென்சில் கோடு இரண்டு நாள் குளித்தாலும் போகாது. இரண்டு தொடையிலும் ஊதா நிறக் கோடு. ஒன்று மேலே, ஒன்று கீழே. பொய் சொல்லத் தெரிந்த என் கைக்கு, வழக்கமாகக் கோடு போடும் பழக்கத்தை விடத் தெரியவில்லை.

டாக்டர் தன் கையைச் சாணாக விரித்து முதலில் இடது முழங்காலுக்கு மேல் வைத்தார். பிறகு வலது. என்னைப் பார்க்கவில்லை. ஸ்பிரிட் தோய்த்த பஞ்சை எடுத்து வலது தொடைக் கோட்டை மட்டும் அழுத்தித் துடைத்தார். அறையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

மறுநாள் மருத்துவமனைத் தாழ்வாரத்தில் நிறுத்தினார்.

"உண்மையில எவ்வளவு?"

"ரெண்டு சென்டிமீட்டர்."

"நன்றி" என்றார். கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வந்தார். "நிர்வாகத்துகிட்ட நான் பேசிக்கறேன். அனுமதி என் கையெழுத்து. ஆனா இசிட்ரோகிட்ட சொல்றது என் வேலை இல்ல. அது உங்க வேலை."

நிர்வாகக் கூட்டத்தில், ஆட அனுமதித்தது தன் முடிவு, தவறு தன்னுடையது என்று சொல்லிவிட்டார். பத்திரிகையில் கிழவர் என்று எழுதினார்கள். ஒரு வார்த்தை பதில் சொல்லவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு வந்தார். முதல் முறையாகக் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார். தன் பையிலிருந்து சொந்த டேப் எடுத்து, ஒவ்வொருவரையும் தானே அளந்தார். நான் பக்கத்தில் நின்று துண்டு பிடித்தேன். அவர் ஓய்வு பெறும்வரை அப்படித்தான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

சொல்ல எனக்கு வாய்ப்பு வந்தது. வராமல் இல்லை. இசிட்ரோ மூன்று வாரம் மருத்துவமனையில் இருந்தான். அறுவை முடிந்தபின் டாக்டர் அவன் கட்டில் அருகே வந்து, ஒரு வருடம் பொறுமையாகப் பயிற்சி செய்தால் திரும்ப ஆடலாம், முதல் நிலை இல்லாவிட்டாலும் எங்கள் நிலையில் ஆடலாம் என்றார். நான் கட்டிலின் மறுபக்கம் நின்றிருந்தேன்.

இசிட்ரோ சிரித்தான். "எதுக்கு டாக்டர்? நானூறு தடவை தூக்கினேன் தினமும். முழுசாத் தேறின கால். ரமோன் அளந்தான். தேறின காலே தானா உடைஞ்சுதுன்னா, என் எலும்புல ஏதோ கோளாறு. எங்கப்பாவுக்கும் முட்டி சரியில்ல. இனி எத்தனை வருஷம் தூக்கினாலும் இப்படித்தான் உடையும்."

டாக்டர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். காத்திருந்தார். அந்த அறையில் ஒரு கடிகாரம் இருந்தது. அதன் சத்தம் இன்னும் கேட்கிறது.

'உன் கால் தேறவே இல்லை, நான்தான் பொய் சொன்னேன், எலும்பில் ஒன்றும் இல்லை, இன்னும் ஐந்து வாரம் பொறுத்திருந்தால் உடைந்திருக்காது, இனியும் முடியும்.' இவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. ஆனால் சான்றிதழ் போய்விடும், வேலை போனால் தங்கும் அனுமதி போய்விடும் என்று மனம் கணக்குப் போட்டது. அதைவிட, என் நெற்றியில் முத்தம் வைத்தவன் என்னைப் பார்க்கப் போகும் பார்வையை நினைத்தேன். "தலையணை உயர்த்தணுமா?" என்று கேட்டேன். டாக்டர் வெளியே போய்விட்டார்.

ஆட்டத்தை நான் ஒரு முறை கெடுத்தேன் என்றால், அது அந்த வெள்ளிக்கிழமை. அவனை நான் கெடுத்தது இந்தத் தலையணைக் கேள்வியில். காலை மட்டும் இழந்தவன் திரும்பி வந்திருப்பான். தன் உடம்பின் மேல் இருந்த நம்பிக்கையையே அவனிடமிருந்து எடுத்துவிட்டேன். அதன்பிறகு அவன் ஒரு பந்தையும் தொடவில்லை. கம்பிப் பையை விடுதி வாசலில் குப்பையில் போட்டான்.

தொழிற்சாலையில் உட்கார்ந்து செய்யும் வேலை கொடுத்தார்கள். பிலார் வந்தாள், இரண்டு பெண் குழந்தைகள். ஞாயிறுகளில் என்னைச் சாப்பிடக் கூப்பிடுவான். போவேன். போகாமல் இருக்கவும் முடியவில்லை, போய் அவன் முகத்தைப் பார்க்கவும் முடியவில்லை. டாக்டர் ஓய்வு பெற்ற நாளில் எல்லாருக்கும் கை கொடுத்தார். எனக்குக் கொடுத்தபோது, "சொல்லிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டார். "இல்லை" என்றேன். கையை விட்டுவிட்டார்.

எழுபதுகளின் கடைசியில் இசிட்ரோ குடும்பத்தோடு ஊருக்கே திரும்பினான். ஹம் நிலையத்தில் ஏழாவது பிளாட்பாரத்தில் நின்றோம். இன்று சொல்லிவிடுவது என்று முடிவு செய்து போயிருந்தேன். பிலாரும் பிள்ளைகளும் பெட்டிகளோடு தள்ளி நின்றார்கள். ரயில் வர ஆறு நிமிடம் இருந்தது.

"உன் டேப்பை எனக்குத் தா, ரமோன்" என்றான். "என் தம்பி ஊர்ல ஒரு டீமுக்குப் பயிற்சி கொடுக்கறான். அங்க யாரும் எதையும் அளக்கறதில்ல. கத்துக்கொடுக்கணும்."

அது எப்போதும் என் பையில் இருக்கும். எடுத்துக் கொடுத்தேன்.

"இந்தச் சிவப்பு நூல்?"

"பதினஞ்சு. சில்லுக்கு மேல பதினஞ்சு. ரெண்டு கால்லயும் அதே உயரத்துல அளக்கணும்." நூலிலிருந்து விரலைக் கீழே இறக்கிக் காட்டினேன். "ஒரு கால்ல கீழ இறக்கி அளந்தா, தேறாத காலும் தேறின மாதிரி காட்டும்."

இதுவரை வந்துவிட்டேன். இன்னும் ஒரு வாக்கியம்தான் பாக்கி. அவன் டேப்பைச் சுருட்டினான்.

"அப்படி யார் அளப்பான்?" என்று சிரித்தான். என் தோளைத் தட்டினான். "நீ சரியா அளந்தே. என் கால்தான் ஏமாத்திடுச்சு."

ரயில் வந்தது. பெட்டிகளை ஏற்றிக் கொடுத்தேன்.

ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அவனிடமிருந்து வாழ்த்து அட்டை வருகிறது. போன டிசம்பரிலும் வந்தது. முட்டி மழைக்கு வலிக்கிறது, எங்கள் அப்பா வழி எலும்பு அப்படி, என்று எழுதியிருந்தான். இதுவரை எழுதியதைக் கொண்டுபோய்ச் சிவகௌரியிடம் கொடுத்தேன். படித்துவிட்டு என் காலை மடக்கி நீட்டிக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்: "ஐயா, இது எனக்கு எழுதினதோ? அவருக்கெல்லோ எழுதியிருக்கோணும்?"

எனக்கு ஜெர்மன் எழுதத் தெரியும். இத்தனை வருடத்தில் நன்றாகவே எழுத வரும். அவனுக்கும் படிக்க வரும். நான் எழுதியது தமிழில். இதில் ஒரு எழுத்தும் அவனுக்குத் தெரியாது. தெரியாது என்பதால்தான் எழுத முடிந்தது.